நாற்பது ஆண்டு வானத்தைப் படித்த இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு என்றாலே படம் வரைவதும் கட்டுரை எழுதுவதும்தான் பேச்சாக இருக்கிறது. அதே காலத்தில், நாளை மழை வருமா என்று கணிக்கும் முறையே அடியோடு மாறிக்கொண்டிருக்கிறது. அண்மையில் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது இதுதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், முதலிலிருந்து வருவோம்.

காற்றும் ஈரமும் வெப்பமும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இப்போதைய நிலை தெரிந்தால், சமன்பாடுகளைப் போட்டு அடுத்த நிலையைக் கண்டுபிடிக்கலாம். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கையாலேயே கணக்கிட்டுப் பார்த்தார், அதுவும் முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில். 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்பது கணக்கு. விடை 145 மில்லிபார் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டார். வழி அடிப்படையில் சரிதான், தொடக்கத் தரவைச் சீராக்காததால் விடை பிசகியது; கையால் கணக்குப் போட்டும் மாளாது. 1950இல் எனியாக் கணினி அதைச் செய்துகாட்டியது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் முன்னறிவிப்பின் எட்டும் தூரம் கூடிவந்தது. அதற்குக் கொடுத்த விலை, கட்டடம் நிறைய சூப்பர் கம்ப்யூட்டர்கள்.

புது வழி வேறு. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் என்ற வானிலைக் கணிப்பு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதற்கு யாரும் இயற்பியல் சமன்பாடு சொல்லித்தரவில்லை. 1979 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் நிலவிய வானிலையின் பதிவுகளை அதன் முன் வைத்தார்கள். இப்போதைய நிலை, ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலை, இரண்டையும் கொடுத்தால் அடுத்த ஆறு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்லப் பழகியது. அந்த விடையையே மறுபடி உள்ளே கொடுத்தால் அடுத்த ஆறு மணி நேரம். நாற்பது வருடம் கடலைப் பார்த்த மீனவர், காற்று திரும்பும் விதத்தைக் கண்டே சொல்லிவிடுவார் இல்லையா, அந்த மாதிரி அறிவு இது. பத்து நாள் கணிப்பு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் லீ புயல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரையேறும் என்று ஒன்பது நாள் முன்னதாகவே காட்டியது. பழைய முறைகளில் அது ஆறு நாள் முன்னால்தான் தெளிவானது.

நிறுவனங்கள் தங்கள் சரக்கைப் புகழ்வது சகஜம்தானே என்று கேட்பீர்கள். ஆனால் இந்தத் துறையில் உலகமே மதிக்கும் ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையம், 2025 பிப்ரவரியில் தன் சொந்த செயற்கை நுண்ணறிவுக் கணிப்பை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பழைய இயற்பியல் மாதிரியைத் தூக்கிப்போடவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. புதியதற்கு ஆகும் மின்சாரம் பழையதில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிறது அந்த மையம்.

இந்தச் சிக்கனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வானிலையில் தொடக்கத்தில் இருக்கும் கடுகளவு பிசகு நாலைந்து நாளில் மலையாகிவிடும். அதனால் ஒரே கணிப்பை நம்பாமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐம்பது முறை ஓட்டிப் பார்ப்பார்கள். ஐம்பதில் முப்பது ஓட்டங்கள் புயல் சென்னைக்கு என்றும், இருபது நெல்லூருக்கு என்றும் சொன்னால், சென்னைக்கு வாய்ப்பு அறுபது விழுக்காடு. மலிவான கணிப்பு என்றால் ஐம்பதை ஆயிரமாக்கலாம்.

2024 அக்டோபர் நினைவிருக்கிறதா? சென்னைக்கு ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. எச்சரித்த 16ஆம் தேதி பெருமழை வரவில்லை. உடனே வானிலைத் துறையைத் திட்டினோம். காரை மேலே ஏற்றியவர்கள் செய்ததுதான் சரி என்பேன். பத்தில் ஆறு வாய்ப்பு என்றால், நாலு முறை வராமல் போகும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் புது வகைக் கணிப்பின் பலன் ஏழைக்கும் போய்ச் சேர்கிறது. 2025இல் மத்திய வேளாண் அமைச்சகம், 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி உழவர்களுக்குப் பருவமழை எப்போது வரும் என்று செல்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பியது. கூகுளின் நியூரல்ஜிசிஎம், ஐரோப்பிய மையத்தின் மாதிரி இரண்டையும் கலந்து எடுத்த கணிப்பு அது. அந்த ஆண்டு மழை மே 24 அன்றே கேரளத்தில் இறங்கி, பிறகு வழியில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியையும் கணிப்பு முன்கூட்டியே காட்டியது. முதல் மழையை நம்பி விதைத்து, முளை கருகி, மறுபடி கடன் வாங்கி விதை வாங்கியவருக்கு இந்த ஒரு செய்தியின் மதிப்பு தெரியும்.

கவலைப்பட வேண்டிய இடமும் உண்டு. கடந்ததைப் படித்து வளர்ந்த இயந்திரம், இதுவரை நடக்காததை எப்படிச் சொல்லும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கடும் புயல்களை எல்லாம் பாடத்திலிருந்து நீக்கிவிட்டு இந்த வகை மாதிரி ஒன்றைப் பழக்கினார்கள். பெரும்புயல் வந்தபோது அதை வலுக்குறைந்ததாகவே அது காட்டியது. கடல் சூடேறிவரும் காலத்தில் இது சாதாரணக் குறை அல்ல. இயற்பியல் மாதிரியை மூட்டை கட்டிவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, எவ்வளவு கெட்டிக்கார இயந்திரமும் இன்றைய நிலை தெரியாமல் நாளையைச் சொல்லாது. மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கருவி கட்டிய பலூன்கள் மேலே போகின்றன. அவை அனுப்பும் வெப்பமும் ஈரமும் கணிப்பின் அரிச்சுவடியில் சேர்ந்தவை. 2025இல் அமெரிக்காவில் ஆள் குறைப்பால் சில நிலையங்களில் பலூன் விடுவதையே நிறுத்தினார்கள். இயந்திரம்தான் வந்துவிட்டதே, பலூன் எதற்கு என்று நாளை இங்கேயும் யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்டால் விட்டுவிடாதீர்கள், பலூனுக்கும் மழைமானிக்கும் ஒதுக்கும் பணத்தை வெட்டக் கூடாது என்று சத்தமாகச் சொல்லுங்கள்.