என் கதையில் நான் எங்கே?

குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் முதலில் பழகுவது வாயை மூடிக்கொள்ளத்தான். என் வீட்டுக்காரர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் காலைகளில், "வயித்துப்போக்கு சார், இன்னிக்கு வர மாட்டார்" என்று அவர் மேனேஜருக்கு நான்தான் போன் செய்வேன். தங்கை வளைகாப்புக்கு அவர் வராததற்கு ஓவர்டைம் காரணம். அடகுக்குப் போன வளையலை யாராவது விசாரித்தால், பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்பேன்.

என் தையல் கடைக்கு வரும் ஒரு அக்கா இதையெல்லாம் நம்பவில்லை. "நானும் இதே பொய்யைத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று சொல்லி, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகச் சென்னையில் ஒரு பள்ளி வகுப்பறையில் நடக்கும் அல்-அனான் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

குடியை விட நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியபோது, மனைவி லோயிஸ் அவர்மேல் ஷூவை வீசினார். புருஷன் தெளிந்துவிட்டான், எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று அப்போதுதான் அவர் தன்னைப் பார்த்தார். ஆங்காங்கே நடந்துவந்த குடும்பத்தார் கூட்டங்களை 1951-இல் லோயிஸும் ஆன் என்ற தோழியும் ஒன்றிணைத்தார்கள். அதுவே அல்-அனான்.

இங்கே முழுப்பெயர் கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் போடும் காசில்தான் செலவு நடக்கிறது. ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்ததும் புத்தி சொல்வதுமில்லை. பெண் ஒருத்தி வாய் திறந்தால் பரிகாரம் சொல்ல ஒருவர், பொறுத்துப்போகச் சொல்ல ஒருவர், விவாகரத்துக்கு வழி சொல்ல ஒருவர் என்று கிளம்பும் ஊரில் எனக்கு இது புதிது.

முதன்முதலாகப் பேசியபோது எல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான்: எத்தனை மணிக்கு வந்தார், எங்கே விழுந்தார், எவ்வளவு கடன். டீ குடிக்கும்போது அக்கா கேட்டார்: "அவரைப் பத்திச் சொல்லிட்ட. நீ எப்படிம்மா இருக்க?" எனக்குப் பதில் வரவில்லை.

பல வாரம் கழித்து வந்தது. "ராத்திரி அவர் வர லேட்டானா, வராமலே போயிடட்டும்னு நினைச்சிருக்கேன்." சொன்னதும் உடம்பு நடுங்கியது. எதிரே இருந்த வயதான அம்மா தலையாட்டினார். அந்த நினைப்பு அவருக்கும் வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்வதும் மனசைச் சொல்வதும் ஒன்றல்ல. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவங்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு மனம் பட்ட பாட்டையும் எழுதியவர்கள் அப்போதைக்குக் கலங்கினார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். சம்பவத்தை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பிந்தைய ஆய்வுகளில் பலன் சிறியதாகவே தெரிந்தது என்றாலும், எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அவர் விழுந்த இடங்களை நான் எத்தனை முறை சொல்லியும் மனசின் பாரம் இறங்கவில்லையே!

அவர் இன்னும் குடிக்கிறார். அதற்கு நான் காரணமில்லை, அதை அடக்கவோ குணமாக்கவோ என்னால் முடியாது என்பது இப்போது புரிகிறது. மேனேஜருக்கு நான் போன் செய்வதில்லை. ராத்திரி தூங்குகிறேன்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதை வெளியே கொண்டுபோகாத இடம் வேண்டும். வீட்டில் அடி விழுகிறதென்றால் கூட்டம் மட்டும் போதாது, 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். கூட்டத்துக்கு வந்தால் முதல் நாளே பேசியாக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் முறை வரும்போது "கேக்கத்தான் வந்தேன்" என்றால் போதும், பக்கத்தில் இருப்பவர் பேசத் தொடங்குவார்.