கூரைக்குள் ஒளிந்திருக்கும் எலும்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் இன்று புது வீடு என்றால் பெரும்பாலும் தட்டையான கான்கிரீட் தளம் போட்ட வீடுதான். வெயில் மிகுந்த கரிசல் காட்டுக்கு மொட்டை மாடி பொருத்தமானதும்கூட. அதில் வத்தல் காயப்போடலாம், உளுந்து உலர்த்தலாம், சித்திரை வைகாசியில் பாய் விரித்துப் படுக்கலாம், கையில் காசு சேர்ந்தால் மேலே ஒரு மாடியும் எடுக்கலாம். இப்படிப்பட்ட வீட்டைக் கட்டுமுன் கணினியில் வரைந்து பார்க்கும் பழக்கம் இப்போது சிற்றூர் வரை வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் ஆசையோடு கேட்டு வாங்குவது ‘எலிவேஷன்’ எனப்படும் முகப்புப் படத்தைத்தான். சுவரின் நிறம், பால்கனிக் கண்ணாடி, வாசல் விளக்கு எல்லாம் அதில் இருக்கும். கூரையைத் தாங்கும் தூணும் பீமும், தளத்தின் சரிவும், மழைநீர் இறங்கும் குழாயும் இருக்காது. கரிசலில் வீடு கட்டுகிறவர் முதலில் வரையச் சொல்ல வேண்டியது இவற்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

‘எங்கள் தாத்தா காலத்து வீட்டுக்குக் கணினியா இருந்தது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய காரை வீட்டின் தட்டட்டியை அண்ணாந்து பார்த்தாலே பதில் கிடைக்கும். சுவரிலிருந்து உத்திரம், உத்திரத்தின் மேல் வரிசையாகத் தேக்குச் சட்டமோ பனஞ்சட்டமோ, அதன் மேல் சாய்வாட்டில் குத்தி அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கும் மேல் சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கலந்த காரை, கடைசியாகத் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று ஊரறிந்த முறை இது. படுத்துக்கொண்டே சட்டங்களை எண்ணலாம். எது கறையான் அரித்தது, எது வளைந்தது என்று கண்ணே சொல்லிவிடும். மரத்தின் நீளமே அறையின் அகலத்தையும் கட்டுப்படுத்தியது. கான்கிரீட் தளத்தில் இந்தப் பார்வை போய்விட்டது. சென்ட்ரிங் பலகையின் மேல் கம்பி கட்டியிருக்கும் அந்த ஓரிரு நாள்தான் அதன் எலும்பை நாம் பார்க்க முடியும். கலவையைக் கொட்டிவிட்டால் அதோடு சரி. கொத்தனாரின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் கையால் செய்ததை நாளைக்கு வேறொருவர் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு பதிவு வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வீடு வரையும் மென்பொருள்கள் பலவும் அமெரிக்க மரவீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுவரை வரைந்ததும் தானாகச் சாய்வுக் கூரை போடும். தட்டையாக வேண்டுமென்றால் சாய்வை நாமே பூஜ்யமாக்க வேண்டும். சட்டகம் கேட்டால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் வைத்து நிரப்பும். தாத்தாவின் பனஞ்சட்டத் தட்டட்டியைக்கூட அது ஓரளவு சரியாக வரைந்துவிடும், நம் கான்கிரீட் தளத்தைத்தான் அதற்குத் தெரியாது. ஆகவே தளம், பீம், தூண் மூன்றையும் தனித்தனியாக நாமே வரைய வேண்டும்.

அதைவிட நுட்பமானது சரிவு. பூஜ்யம் என்று கொடுத்த கூரை படத்தில் அழகாகத்தான் இருக்கும், மழையில் குளமாகும். 100 அடிக்கு 1 அடி என்ற குறைந்தபட்ச வாட்டம் வைத்தாலும், 30 அடி நீளத் தளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் மூன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். நம் வழக்கத்தில் கான்கிரீட்டை மட்டமாகப் போட்டு, அதன் மேல் போடும் சல்லிக் காரையில் வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதிக்கிறோம். ரெவிட் போன்ற மென்பொருளில் இதை அப்படியே வரையலாம். கூரையைப் பல அடுக்காக அமைத்து, மேல் அடுக்கை மட்டும் கனம் மாறக்கூடியது என்று குறித்துவிட்டு, குழாய் வரும் புள்ளியைத் தாழ்த்தினால் போதும். காரை மட்டும் சரியும், கான்கிரீட் அசையாது. அந்தக் குறியை மறந்தால் கான்கிரீட்டே வளைந்து, கீழே அறையின் மேற்கூரையும் கோணிவிடும். அதோடு, குழாய் பீமைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறதா என்பதும் திரையிலேயே தெரிந்துவிடும். தளம் போட்ட பிறகு பீமை உடைத்துக் குழாய் விடுவது பெரிய தப்பு.

‘வறண்ட ஊரில் மழைக்கு இவ்வளவு கவலையா?’ என்றால், இங்கே மழை குறைவுதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் சில நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும். 2023 டிசம்பரில் இதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. 1000 சதுர அடித் தளத்தில் 1 செ.மீ. மழை என்றாலே ஏறத்தாழ 930 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பது செம்மண்ணில் சாதாரணக் கேள்வி, கரிசலில் அஸ்திவாரத்தின் கேள்வி. கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும் கரிசல், நனைந்ததும் உப்பி மேலே தள்ளும். வீட்டின் நடுவில் மண் ஓரளவு ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரங்களில்தான் காய்ச்சலும் ஈரமும் மாறி மாறி வரும். பாரக் கணக்கும் ஓரத்துக்கு எதிராகவே நிற்கிறது. 5 அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ, அதன் மேல் 4 அங்குலக் காரை சுமார் 200 கிலோ, ஆள் நடமாட்டத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் 150 கிலோ. 12 அடிக்கு 12 அடி தளத்தைச் சுமக்கும் நடுத்தூணில் இது கிட்டத்தட்ட 9 டன். மூலைத்தூணுக்கு அதில் கால் பங்குதான். பாரம் குறைந்த அந்த மூலையை மண் எளிதாகத் தூக்கிவிடும். நாமோ வசதிக்காக மழைக்குழாயையும் அந்த மூலையிலேயே இறக்குகிறோம். பிறகு சுவரில் சாய்வாக ஓடும் வெடிப்புக்குச் சிமென்ட் பூசிப் பூசி ஓய்ந்துபோகிறோம். கூரை, தூண், குழாய் மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் இந்தத் தவறு கண்ணில் படும். குழாயையும், 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் தூணை விட்டுத் தள்ளி வைக்க முடியும்.

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு: படம் பொய்த் தெம்பைக் கொடுக்கும் என்பது. உண்மைதான். வீடு வரையும் மென்பொருள் பீமை வரையும். அந்த பீம் தாங்குமா என்று சொல்லாது. அடியில் இருப்பது கரிசலா செம்மண்ணா என்பதும் அதற்குத் தெரியாது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த, அடியில் குடை போல் விரியும் பைல் அஸ்திவாரம் ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது தர நிர்ணயம். எந்த அஸ்திவாரம், எவ்வளவு ஆழம் என்ற முடிவைப் பொறியாளர்தான் மண்ணைப் பார்த்து எடுக்க வேண்டும். ஆனால் சட்டகப் படம் கையில் இருந்தால், ‘தண்ணீர்த் தொட்டி எந்த பீம் மேல் நிற்கிறது, அந்த பீம் எந்தத் தூணில் முடிகிறது?’ என்று வீட்டுக்காரரே விரல் வைத்துக் கேட்கலாம். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். முகப்புப் படத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மேல்மாடி நினைப்பில் தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டிருக்கும் வீடுகளை இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கம்பி தட்டோட்டைத் துளைத்து வரும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது, துரு தளத்துக்குள் இறங்குகிறது. மாடி எடுக்கும் நாளில் சரிவுக் காரை முழுவதையும் பெயர்த்தெடுக்க வேண்டிவரும் என்பதும் பலருக்கு அப்போதுதான் தெரிகிறது. கீழ்த்தளத்தை வரையும்போதே மேல்தளத்தையும் மங்கலாக வரைந்து வைத்தால், கம்பி வரும் புள்ளிகளை வாட்டத்தின் மேட்டுப் பக்கம் அமைத்து, தண்ணீரை வேறு வழியாக விட்டுவிடலாம்.