குளிருக்கு அஞ்சாத வாத்துகள்

சுட்டிகளே, குளிர்காலம் வந்தால் பறவைகள் எங்கே போகும்? "வெயில் அடிக்கிற ஊருக்கு!" என்றுதானே சொல்வீர்கள்? பல பறவைகளுக்கு அது சரிதான். ஆனால், குளிர்காலத்தைக் கழிப்பதற்கென்றே நார்வேயின் வடகோடிக்கு வந்து சேரும் வாத்துகளும் இருக்கின்றன!

அந்த இடத்தின் பெயர் வராங்கர். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஏறத்தாழ 70 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் கடற்கரை. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். அதுவரை நண்பகலிலும் மங்கலான நீல வெளிச்சம்தான். கரையெங்கும் வெண்பனி. ஆனால் அங்குள்ள வாட்ஸோ துறைமுகத்தில் எட்டிப் பார்த்தால், ஸ்டெல்லர் ஈடர் என்ற சின்னக் கடல்வாத்துகள் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். 1741இல் பெரிங் என்ற கடலோடியின் கப்பலில் அலாஸ்கா வரை போன இயற்கை ஆய்வாளர் ஸ்டெல்லரின் பெயர்தான் அவற்றுக்கு. கூடவே ராஜா ஈடரும் வரும். நீலச்சாம்பல் தலை, அலகுக்கு மேலே ஆரஞ்சு நிறப் புடைப்பு என்று ஆண் வாத்து கிரீடம் சூடியதுபோல இருக்கும்.

ஸ்டெல்லர் ஈடர் சைபீரியாவிலிருந்து வருகிறது. ஏன் தெரியுமா? அதன் சாப்பாடு கடலுக்கு அடியில் இருக்கும் சிப்பி, நத்தை போன்ற சிற்றுயிர்கள். சைபீரியாவின் வடகடல் உறைந்துவிட்டால், மூழ்கி இரை தேட வழியில்லை. சாப்பாட்டு அறைக்கே பூட்டு! ஆக, இந்த வாத்தை விரட்டுவது குளிர் இல்லை, பசி.

வராங்கர் கடல் மட்டும் ஏன் உறைவதில்லை? அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் நார்வே கரையை ஒட்டியே வடக்கு வரை பாய்கிறது. கடல்நீரில் உப்பு இருப்பதால், அது உறைய சுமார் மைனஸ் 1.8 டிகிரி குளிர் வேண்டும். நீரோட்டம் அந்த அளவுக்குக் குளிர விடுவதில்லை. நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டையும் ஃப்ரீசரில் வையுங்கள். எது முதலில் உறைகிறது?

சரி, அந்த நீரில் வாத்துக்குக் குளிராதா? அதன் உடலை ஒட்டி மெல்லிய தூவிகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே சிக்கிய காற்று, கம்பளிபோல உடல் சூட்டைக் காக்கிறது. வால் அருகே சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்து மேல் இறகுகளில் பூசிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்காது. கால்களில் இன்னோர் அற்புதம்! கீழே இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். பாதம் சில்லென்றிருந்தாலும், உடலின் சூடு கடலுக்குப் போய்விடாது.

வராங்கருக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கனத்த உடையும் கையுறையும் அணிந்து, பைனாகுலரோடு அசையாமல் காத்திருப்பார்கள். வாத்துகள் மிரண்டு பறந்தால், அவை தின்று சேர்த்த சக்தி வீணாகும். வெளிச்சமோ கொஞ்ச நேரம்தான். அதற்குள் அவை மறுபடி மூழ்கி வயிற்றை நிரப்பியாக வேண்டும். அதனால், எங்கே பறவை பார்த்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம்!