மாட்டுக்கு 'ஏஐ': காளை விந்து தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஏஐ என்றதும் உங்களுக்கு சாட்ஜிபிடிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் மாடு வளர்ப்பவர்களுக்கு ஏஐ என்றால் சினை ஊசி, அதாவது செயற்கை முறைக் கருவூட்டல்.

பத்து காஜா, ஈப்போ சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்ம தாத்தா பாட்டிகள் பலர் மாடும் வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த அந்த மாடுகளின் வழித்தோன்றல்தான் இன்று 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' எனப்படும் இனம். அன்று தோட்டத்துக் காளையே போதும். இன்றோ, பகாங் ஜெரான்துட்டில் உள்ள கால்நடைத் துறை நிலையம் போன்ற இடங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சியும் வருகிறது.

ஊசி பலிக்காவிட்டால் மாடு மறுபடி பருவத்துக்கு வர சுமார் 21 நாள் ஆகும். அதுவரை தீவனச் செலவு உண்டு. கன்றும் இல்லை, பாலும் தள்ளிப்போகும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு இது பெரிய அடி.

காளையைப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது. கம்பீரமான காளைக்கும் விந்து மோசமாக இருக்கலாம். அதனால் முதலில் விதைப்பையின் சுற்றளவை டேப் வைத்து அளப்பார்கள். புருசெல்லோசிஸ், காசநோய் போன்ற நோய்கள் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள். நோயுள்ள ஒரு காளையால் நூற்றுக்கணக்கான பசுக்கள் பாதிக்கப்படலாம்.

ஆய்வகத்தில் என்ன பார்க்கிறார்கள்?

எண்ணிக்கை: ஒரு மில்லிலிட்டரில் சுமார் 100 கோடி விந்தணு இருக்கலாம். ஒரு முறைக்குச் சராசரியாக 5 மில்லி கிடைத்தால் மொத்தம் 500 கோடி. குச்சிக்கு 2 கோடி வைத்தால் 250 குச்சி!

நீச்சல்: மைக்ராஸ்கோப்பில் நேராக, வேகமாக நீந்துபவை எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். கண்ணாடித் தகடு உடல் சூட்டில் இருக்கணும். குளிர்ந்தால் நல்ல விந்தணுவும் சோம்பேறி மாதிரி தெரியும்.

உருவம், உயிர்: தலை கோணல், வால் சுருட்டல் உள்ளவற்றை எண்ணுவார்கள். சாயம் போட்டால் இறந்தவை இளஞ்சிவப்பாகும். உயிருள்ளவை நிறம் மாறாது.

பிறகு முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் போன்றவை கலந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். இதில் கணிசமான விந்தணுக்கள் செத்துவிடும். அதனால் ஒரு குச்சியை உருக்கி மறுபடியும் சோதிப்பார்கள். சென்னை அருகே அலமாதி போன்ற நிலையங்களுக்கு இந்தியா வைத்துள்ள விதிப்படி, உருக்கிய பிறகும் பாதியாவது நீந்தணும். இல்லையென்றால் அந்தத் தொகுதியே குப்பைக்குத்தான்.

வெயிலும் காய்ச்சலும் பாதிக்குமா?

பாதிக்கும். காளையின் உடலில் விந்தணு உருவாக ஏறக்குறைய 2 மாதம் ஆகும். அதனால் இன்று காய்ச்சல் வந்து குணமான காளையின் விந்து சில வாரம் கழித்தும் மோசமாக இருக்கலாம். காளை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஆய்வகத்தில் பாஸ், கொட்டகையில் ஃபெயில் ஆகுமா?

ஆகும். கலனில் நைட்ரஜன் குறைந்தாலோ, குச்சியை வெளியே எடுத்து எடுத்து வைத்தாலோ விந்தணு செத்துவிடும். வெறும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சட்டைப் பையில் வைத்து உருக்குவதும் தப்பு. 35 முதல் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை நிமிடம் வைத்து, துடைத்து, உடனே போடணும். குச்சிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் கெடுதல்.

நேரமும் முக்கியம். காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு மாலையில், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையில் ஊசி போடுவதே வழக்கம்.

உங்கள் வீட்டில் மாடு இருந்தால், குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண்ணையும் தேதியையும் போனில் படம் பிடித்து வையுங்கள். எந்தத் தண்ணீரில் உருக்குகிறார்கள் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஊசி திரும்பத் திரும்பப் பலிக்கவில்லை என்றால் கோளாறு மாட்டிலா, காளையிலா, கையாண்ட விதத்திலா என்று கண்டுபிடிக்க அந்தப் படம்தான் உதவும்.