தானுந்துப் பின் ஒலிபெருக்கி மாற்றம்

தானுந்துப் பின் ஒலிபெருக்கி மாற்றம் என்பது, கார் எனப் பரவலாக அழைக்கப்படும் தானுந்தில் உற்பத்தியாளர் பொருத்திய பின்புற ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, வேறு ஒலிபெருக்கிகளை உரிமையாளரே பொருத்திக்கொள்வதைக் குறிக்கும். எளிய கருவிகளைக் கொண்டே இதனைச் செய்யலாம். எனினும் மின்மறுப்பும் கம்பிகளின் முனைமையும் பொருந்தாவிடின், விலை உயர்ந்த ஒலிபெருக்கியும் பழையதைவிட மோசமாக ஒலிக்கலாம். வானொலிப் பெட்டியே பழுதடையவும் கூடும்.

பழுதடையும் விதம்

1925 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் விளக்கிய இயங்குசுருள் அமைப்பே இன்றைய பெரும்பாலான ஒலிபெருக்கிகளுக்கு அடிப்படை ஆகும். நிலைக்காந்தத்தின் புலத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது, சுருளும் அதனுடன் இணைந்த கூம்பும் முன்னும் பின்னும் அசைந்து ஒலியை எழுப்புகின்றன. கூம்பின் விளிம்பைச் சட்டத்துடன் இணைக்கும் வளையம் சில ஒலிபெருக்கிகளில் நுரைப்பொருளால் ஆனது. பின் கண்ணாடியின் கீழுள்ள தட்டில் அமைந்த ஒலிபெருக்கிகள் வெயிலில் காய்வதால், இவ்வளையம் சில ஆண்டுகளில் பொடிந்துவிடலாம். கரகரப்பும் தாழ்ந்த ஒலிகளின் இழப்பும் இதன் அறிகுறிகள் ஆகும்.

தேர்வு செய்தல்

அளவு: 6.5 அங்குல வட்ட வடிவமும் 6×9 அங்குல நீள்வட்ட வடிவமும் பரவலாகக் காணப்படுபவை. விட்டத்துடன் ஆழத்தையும் அளத்தல் வேண்டும். கதவினுள் பொருத்துவதாயின், கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் காந்தம் அதன்மீது இடிக்கக்கூடாது. திருகாணித் துளைகள் பொருந்தாதபோது இணைப்பு வளையம் பயன்படுத்தப்படுகிறது.

மின்மறுப்பு: இது ஓம் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. கடைகளில் விற்கப்படும் தானுந்து ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை 4 ஓம் கொண்டவை. உற்பத்தியாளர் பொருத்தியவை சில வேளைகளில் 2 ஓம் ஆக இருக்கும். மிகைப்பி தாங்கக்கூடியதைவிடக் குறைந்த மின்மறுப்பை இணைத்தால், அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தந்து சூடேறும். கூடிய மின்மறுப்பை இணைத்தால் ஆபத்தில்லை. ஆனால் ஒலி குறையும்.

உணர்திறன்: வானொலிப் பெட்டிகளின் மேல் எழுதப்படும் 50 வாட் போன்ற எண்கள் உச்ச அளவுகளே. இயந்திரம் ஓடும்போது மின்கலத்தில் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு இருக்கும். தனி மிகைப்பி இல்லாத வழமையான பெட்டி, 4 ஓம் ஒலிபெருக்கிக்குச் சிதைவின்றித் தரக்கூடிய திறனின் மேல் எல்லை 14.4² ÷ (2×4), அதாவது ஏறத்தாழ 26 வாட் ஆகும். எனவே 200 வாட் தாங்கும் ஒலிபெருக்கியை வாங்குவதால் மட்டும் ஒலி கூடிவிடாது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே முக்கியமானது. 3 டெசிபெல் கூடிய உணர்திறன், மிகைப்பியின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

செய்முறை

1. மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். பின் தூண்களின் உறைக்குள் காற்றுப்பை இருக்கலாம் என்பதால், மஞ்சள் உறையிட்ட கம்பிகளைத் தொடக்கூடாது. சில வானொலிப் பெட்டிகள் மீண்டும் இயங்கக் குறியீட்டு எண் கேட்கும். அதனை முன்னரே குறித்து வைத்தல் நன்று.
2. மேலுறையை நெகிழி நெம்புகோலால் மெல்லக் கழற்ற வேண்டும். கதவாயின், உள்ளிருக்கும் ஈரத்தடுப்புத் தாளைக் கிழிக்காமல் பிரித்துப் பின்னர் மீண்டும் ஒட்டுதல் வேண்டும். இல்லையேல் மழைநீர் உட்புறம் கசியும்.
3. பழைய ஒலிபெருக்கியின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். தறையாணிகள் இருந்தால் துளையிட்டு நீக்கலாம்.
4. அசல் கம்பியை வெட்டாமல், வண்டிக்கு உரிய இணைப்பியைப் பயன்படுத்துவது சிறந்தது. பிற்காலத்தில் பழைய நிலைக்கு மீள்வதற்கு இது உதவும்.
5. சட்டத்திற்கும் தகட்டிற்கும் இடையே நுரைப்பட்டையை ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் கூம்பின் பின்புற ஒலி முன்புறம் வந்து, தாழ்ந்த ஒலிகளை அழித்துவிடும்.

முனைமை

ஓர் ஒலிபெருக்கியின் நேர், எதிர் முனைகள் மாறிவிட்டால், அதன் கூம்பு வெளியே வரும்போது மற்றதன் கூம்பு உள்ளே செல்லும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதால் தாழ்ந்த ஒலிகள் குன்றும். கம்பிகளின் நிறங்கள் உற்பத்தியாளருக்கு ஏற்ப மாறுபடுகின்றன. ஆதலால் வண்டிக்குரிய மின்சுற்றுப் படத்தைக் கொண்டே கம்பிகளை அடையாளம் காண வேண்டும். ஒலிபெருக்கியின் முனைகளை அறிய, 1.5 வோல்ட்டு மின்கலத்தை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளிநோக்கி நகர்ந்தால், மின்கலத்தின் நேர்முனை தொட்டது ஒலிபெருக்கியின் நேர்முனை ஆகும்.

வரம்புகள்

ஓட்டுநருக்கு இசை முன்னாலிருந்து கேட்பதே இயல்பு என்பதால், பின் ஒலிபெருக்கிகள் துணைப் பங்கையே வகிக்கின்றன. பின்புறம் பழுதாகாமல், ஒலித்தரம் மட்டுமே குறையாக இருப்பின், முதலில் முன் ஒலிபெருக்கிகளை மாற்றுவதே கூடுதல் பயன் தரும்.