சோற்றுக்குத் திரும்பும் வலது கை

கல்முனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டில் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போனால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சோற்றைப் பிசைந்து ஊட்டத் தொடங்கிவிடுகிறோம். பாசம்தான் காரணம். பிறகு அவரே இடது கையில் கரண்டி பிடித்துக்கொள்கிறார். வலது கையாலேயே உண்டு வாழ்ந்த மனிதருக்கு அது எத்தனை பெரிய மனவேதனை என்று நமக்குத் தெரியும். ஆனால் மடியில் சும்மா கிடக்கும் அந்தக் கையால் மூளைக்குள் நேரும் இழப்பு பலருக்குத் தெரியாது.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வருகிறது. இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலப்பக்க உடம்பு சோர்கிறது. கையின் தசையும் எலும்பும் கெடவில்லை. அதற்குக் கட்டளை இடும் இடம்தான் கெட்டது. இறந்த கலங்கள் மீள்வதில்லை. ஆனால் தப்பிய நரம்புக் கலங்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, போன வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கப் பழகுகின்றன. முதல் மூன்று மாதங்களில் இது வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது. எண்ணெய் தேய்ப்பதும் ஓதிப் பார்ப்பதும் அவரவர் மன ஆறுதல். அதற்காக இந்த மூன்று மாதங்களைக் கைவிட்டுவிடக் கூடாது.

பலமுறை முயன்றும் கை அசையாதபோது, அதை மறந்துவிட மூளை கற்றுக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதைக் கண்டறிந்து, நல்ல கைக்கு உறை மாட்டி, சோர்ந்த கையை வேலை செய்ய வைக்கும் முறையை வகுத்தார். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசையக்கூடிய 222 பேரிடம் இரண்டு வாரம் இதைச் சோதித்தார்கள். வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை நன்றாகத் தேறியது என்று 2006இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் செய்ய வேண்டிய சிகிச்சை இது. ஆனால் அது சொல்லும் பாடம் எல்லோருக்கும் பொது: மூளை செய்து செய்துதான் கற்கிறது.

தேறுகிறதா என்பதை அளந்துதான் அறிய முடியும். இயன் மருத்துவர் தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை எண் கொடுப்பார். தசை சற்றும் சுருங்கவில்லையென்றால் 0. புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்க முடிந்தால் 3. முழுப் பலம் 5. சுவீடனில் 1975இல் உருவான ஃபூகல்-மேயர் அளவை அசைவுகளுக்கு மொத்தம் 100 புள்ளி தருகிறது: கைக்கு 66, காலுக்கு 34. உண்பது, உடுப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளை அளக்க 1965ஆம் ஆண்டின் பார்தல் அளவை இருக்கிறது.

நம்மூரில் இன்னொரு அளவுகோலும் உண்டு. நோயாளிக்கு இருந்தும் படுத்தும் தொழ மார்க்கம் அனுமதி தருகிறது. படுத்துத் தொழுதவர் கதிரைக்கு வருவதும், கதிரையில் இருந்தவர் எழுந்து நிற்பதும், ருகூவுக்குக் குனிந்து நிமிர்வதும், கடைசியில் சுஜூதிலிருந்து தானே எழும்புவதும் சமநிலையும் பலமும் திரும்புவதைக் காட்டும் படிகள். வுழு எடுப்பதற்கு இரண்டு கையும் வேண்டும். மருதமுனையின் நெசவாளிக்கோ தறியில் திரும்ப இருப்பதே இலக்கு. இவற்றை இயன் மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயாளி விரும்பும் வேலையை ஒட்டியே பயிற்சி அமைய வேண்டும்.

தென்னையிலிருந்து விழுந்தோ மோட்டார் சைக்கிள் விபத்திலோ முண்ணாண் காயப்படும்போது கணக்கு வேறு. அங்கே ஆங்கில எழுத்துகளில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து தரங்கள் உண்டு: காயத்துக்குக் கீழே உணர்வும் அசைவும் முற்றாக அற்றது ஏ, இயல்பு நிலைக்குத் திரும்பியது ஈ. விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் போட்டால் காயம் இன்னும் மோசமாகலாம்.

அவசரமும் ஆபத்துதான். பாரிசவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மிகுதியாக எழுப்பி நடக்கவைக்கப்பட்டவர்களுக்குப் பலன் குறைந்ததை 2015இல் 2104 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. பயிற்சிப் பொறுப்பைக் குடும்பத்திடம் கொடுத்துப் பார்த்தது இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரிடம் நடந்த ஆய்வு. ஆறு மாதம் கழித்து மரணமோ பிறரைச் சார்ந்திருப்பதோ அதனால் குறையவில்லை என்று 2017இல் தெரியவந்தது. குடும்பத்தின் பாசம் தேவைதான்; ஆனால் பயின்ற கைகளுக்கு அது ஈடாகாது. புனர்வாழ்வுக்கென்றே இருக்கும் ராகமை வைத்தியசாலை இலங்கையின் மறு கரையில் உள்ளது. எனவே இந்தக் கரையோர ஊர்களிலேயே போதிய இயன் மருத்துவர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

முகம் கோணினால், ஒரு கை தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 இலவச அம்பியுலன்சை அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே அவகாசம். வீடு திரும்பிய பின் சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகும். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். இயன் மருத்துவர் சம்மதித்தால், அடுத்த வேளைச் சோற்றை ஊட்டுவதற்கு முன் வாப்பாவின் வலது கையைக் கோப்பையில் வையுங்கள். முதல் பிடியை அவரே எடுக்கட்டும்.