9.7-க்குக் கொண்டாட்டம், 0.0-க்குக் கண்ணீர்: இண்டி ராக் ரசிகர்கள் ‘மார்க்’குக்காக ஏன் சண்டை போடுகிறார்கள்?

2004 செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் ஒரே இணையதளத்தில் சுமார் இரண்டு வார இடைவெளியில் இரண்டு ஆல்பம் விமர்சனங்கள் வெளியாகின. ஒன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் இருந்து வந்த ‘ஆர்கேட் ஃபயர்’ என்ற புது பேண்டின் முதல் ஆல்பமான ‘ஃபியூனரல்’. பத்துக்கு 9.7 மார்க். இன்னொன்று, ‘டிஸ்மெம்பர்மென்ட் பிளான்’ பேண்டின் பாடகர் டிராவிஸ் மோரிசன் தனியாகப் போட்ட ‘டிராவிஸ்டான்’. அதற்குக் கிடைத்தது 0.0. ஆமா, முட்டை. அதுவும் தசமப் புள்ளி வைத்த முட்டை.

‘ஃபியூனரல்’ ஆல்பத்தை வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் ஒரு சின்ன லேபிள். அந்த லேபிளின் ஆல்பம் ஒன்று பில்போர்டு 200 பட்டியலுக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை. மோரிசனுக்கோ நிலைமை தலைகீழ். அதுவரை அவரைக் கொண்டாடிய கல்லூரி வானொலிகள் புது ஆல்பத்தைப் போடத் தயங்கின. ரெக்கார்டு கடைக்காரர்களிடமும் அதே தயக்கம். 2009-ல் இசையில் இருந்து ஓய்வு பெறுவதாகவே அவர் அறிவித்தார். எல்லாமே அந்த 0.0-வால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், இண்டி ராக் ரசிகர்கள் விமர்சனத்தின் பவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் முதலில் வந்து விழும் பெயர் ‘டிராவிஸ்டான்’தான். இதில் கொடுமை என்னவென்றால், 1999-ல் இதே தளம் அவருடைய பேண்டின் ‘எமர்ஜென்சி அண்ட் ஐ’ ஆல்பத்துக்கு 9.6 கொடுத்திருந்தது.

அந்தத் தளத்தின் பெயர் பிட்ச்ஃபோர்க்.

ஒரு தளத்துக்கு எப்படி இவ்வளவு பவர்?

1996-ல் மினியாபொலிஸ் பக்கம் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் வீட்டில் இருந்தபடி ஆரம்பித்த தளம் இது. ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவர், பத்திரிகை அனுபவம் கிடையாது. பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், சின்ன லேபிள்களில் வெளியாகும் கிட்டார் பேண்டுகளைப் பற்றி எழுதினார். இண்டி ராக் என்று நாம் சொல்வது அதைத்தான். ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம்தான் ‘இண்டி’. ‘ரோலிங் ஸ்டோன்’ மாதிரி பெரிய பத்திரிகைகளில் இந்த பேண்டுகளுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம்.

மற்றவர்கள் ஐந்து ஸ்டார் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பிட்ச்ஃபோர்க் 0.0-ல் தொடங்கி 10.0 வரை தசமத்தில் மார்க் போட்டது. கணக்குப் பார்த்தால் 101 படிகள். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் 0.1 வித்தியாசம் இருக்கிறது என்று எந்த மனுஷனாலும் சொல்ல முடியாது, அது எழுதியவர்களுக்கும் தெரியும். ஆனால், 8.3 என்று பார்த்ததும் ஏதோ லேபில் வைத்து அளந்த மாதிரி ஒரு நம்பிக்கை வந்துவிடும். ‘அதுக்கு 8.3, இதுக்கு ஏன் 8.1?’ என்று விடிய விடியச் சண்டை போடவும் வசதி. 2000-ல் ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ ஆல்பத்துக்கு முழுசாக 10.0 கொடுத்து எழுதப்பட்ட விமர்சனம் அவ்வளவு ஓவராக இருந்ததாலேயே வைரலானது. அப்போது ‘வைரல்’ என்ற வார்த்தையே புழக்கத்தில் இல்லை.

ஆனால், அந்த மார்க்கின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது. அன்றைக்கு ஒரு ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்றால் காசு கொடுத்து சிடி வாங்க வேண்டும். வாங்கும் முன் கேட்டுப் பார்க்க வழி குறைவு, சின்ன பேண்டுகளை ரேடியோவும் போடாது. லேபிள்கள் விமர்சகர்களுக்கு மட்டும் முன்கூட்டியே பிரதி அனுப்பிவிடும். அதாவது, கேட்டவர்கள் ஒரு சிலர், வாங்கலாமா வேண்டாமா என்று காத்திருப்பவர்கள் பல ஆயிரம் பேர். நடுவில் நின்ற ஒரே பாலம் விமர்சனம். எத்தனை பிரதி வாங்கி வைக்கலாம் என்று யோசிக்கும் கடைக்காரரும், எந்த பேண்டுக்கு மேடை கொடுக்கலாம் என்று யோசிக்கும் கச்சேரி ஏற்பாட்டாளரும் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள்.

இப்போது யார் முதலில் கேட்கிறார்கள்?

2015 ஜூலையில் இருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. வியாழன் இரவு 12 மணி தாண்டியதும் ஆப்பில் ஆல்பம் வந்துவிடும். ஒரு மணிக்குள் ரசிகர்கள் முழுசாகக் கேட்டு, ‘மாஸ்டர்பீஸ்’, ‘மொக்கை’ என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். விமர்சனம் வந்து சேரும்போது படிப்பவர் ஏற்கெனவே ஒரு முடிவில் இருக்கிறார். முன்பு ‘வாங்கலாமா?’ என்று தெரிந்துகொள்ள விமர்சனம் படித்தோம். இப்போது ‘நான் நினைச்சது சரியா?’ என்று செக் பண்ணப் படிக்கிறோம்.

இது சின்ன மாற்றம் இல்லை. விமர்சகர் நம்மோடு ஒத்துப்போனால் அவர் புத்திசாலி. இல்லையென்றால் அவருக்குக் காதே இல்லை!

இந்த மனநிலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2020-ல் வந்த டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஃபோக்லோர்’ உதாரணம். ஸ்விஃப்ட் இண்டி பாடகி இல்லைதான். ஆனால், அந்த ஆல்பத்தை ‘தி நேஷனல்’ என்ற இண்டி பேண்டின் ஆரன் டெஸ்னரோடு சேர்ந்து உருவாக்கினார், ‘பான் ஐவர்’ ஜஸ்டின் வெர்னனும் ஒரு பாட்டில் பாடினார். பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 8.0, பாராட்டி எழுதிய விமர்சனம்தான். ஆனாலும் சில ரசிகர்கள் கொதித்தார்கள். காரணம், மெட்டாகிரிட்டிக்.

பல பத்திரிகைகளின் மார்க்கை எடுத்து, எடை போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே சராசரியாகக் காட்டும் தளம் மெட்டாகிரிட்டிக். மற்றவர்கள் 90, 100 என்று கொடுத்திருக்கும்போது ஒரு 80 உள்ளே வந்தால் சராசரி இறங்கும். அவ்வளவுதான் விஷயம். அதற்காக அந்த விமர்சனத்தை எழுதியவரின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் பொதுவெளியில் போடப்பட்டன, மிரட்டல்கள் வந்தன. 2024-ல் ஸ்விஃப்டின் அடுத்தடுத்த ஆல்பங்களில் ஒன்றை விமர்சித்த ‘பேஸ்ட்’ இதழ், எழுதியவர் பெயரையே போடவில்லை. 2019-ல் தங்கள் எழுத்தாளருக்கு வந்த மிரட்டல்களைக் காரணமாகச் சொன்னது.

ஒரு காலத்தில் விமர்சகரைப் பார்த்து பேண்டுகள் பயந்தன. இப்போது ரசிகரைப் பார்த்து விமர்சகர் பயப்படுகிறார். இரண்டுமே ஆரோக்கியமானது இல்லை என்பது என் கருத்து. ஆனால், இரண்டாவதில் ஆபத்து நேரடியாக மனுஷர்களுக்கு.

மார்க் போட்டவர்களே மாத்திக்கிட்டா?

விமர்சகர்கள் எப்போதும் சரி என்று வாதாட வரவில்லை. 2003-ல் லிஸ் ஃபேர் என்ற பாடகி தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்துக்கும் பிட்ச்ஃபோர்க் 0.0 கொடுத்தது. இண்டி ராக்கில் இருந்து பாப் பக்கம் போய்விட்டார் என்ற கோபம்தான் அந்த விமர்சனம் முழுக்க. அதை எழுதிய மேட் லெமே, 2019-ல் பொதுவெளியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். 2021-ல் தளத்தின் 25-வது ஆண்டையொட்டி 19 பழைய ஆல்பங்களுக்குப் புது மார்க் போட்டபோது, அந்த 0.0 மாறி 6.0 ஆனது. டாஃப்ட் பங்கின் ‘டிஸ்கவரி’ 6.4-ல் இருந்து நேராக 10.0. சிலருக்கு இறங்கவும் செய்தது. ‘இன்டர்போல்’ பேண்டின் முதல் ஆல்பம் 9.5-ல் இருந்து 7.0-க்கு வந்தது.

ரீவேல்யுவேஷன் எல்லாம் சரி, ஆனா அந்த 18 வருஷம்? அதை யாரும் திருப்பித் தர முடியாது. இன்னொரு பக்கம், ‘இன்டர்போல்’ ரசிகர்கள் 7.0 என்று பார்த்ததும் அந்த ஆல்பத்தைக் கேட்பதை நிறுத்திவிடவில்லை. பாட்டு மாறவே இல்லை, மார்க்தான் மாறியது.

செத்துப்போச்சு என்றார்கள், மூன்றே மாதம்தான்

2015-ல் பிட்ச்ஃபோர்க்கை ‘வோக்’, ‘நியூ யார்க்கர்’ பத்திரிகைகளை நடத்தும் காண்டே நாஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2024 ஜனவரியில் அதை ஆண்களுக்கான ‘ஜிக்யூ’ இதழோடு இணைப்பதாக அறிவித்தது. தலைமை ஆசிரியர் பூஜா பட்டேல் உட்படப் பலருக்கு வேலை போனது. இதோடு இசை விமர்சனத்தின் கதை முடிந்தது என்று உலகம் முழுக்க இரங்கல் கட்டுரைகள் வந்தன. முட்டை வாங்கிய பேண்டுகளின் ரசிகர்கள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை.

அந்த மார்ச் கடைசியில், கனடாவைச் சேர்ந்த பேட்ரிக் ஃப்ளெகல் ‘சிண்டி லீ’ என்ற மேடைப் பெயரில் ‘டைமண்ட் ஜூபிலி’ ஆல்பத்தை வெளியிட்டார். 32 பாட்டு, 2 மணி நேரத்துக்கு மேல். ஸ்பாட்டிஃபையில் கிடையாது, ஆப்பிள் மியூசிக்கில் கிடையாது. 90-களின் வெப்சைட் மாதிரி ஒரு பக்கத்தில் டவுன்லோடு லிங்க், விருப்பப்பட்டால் 30 கனடிய டாலர் கொடுக்கலாம் என்ற குறிப்பு. அது போக, யூடியூபில் மொத்த ஆல்பமும் ஒரே நீள வீடியோவாக. அல்காரிதம் என்ற ஒன்று கண்டுபிடித்து நம் காதில் போட வாய்ப்பே இல்லாத ஆல்பம் இது.

ஏப்ரலில் பிட்ச்ஃபோர்க் அதற்கு 9.1 கொடுத்தது. ஃபியோனா ஆப்பிள் 2020-ல் வாங்கிய 10.0-க்குப் பிறகு ஒரு புது ஆல்பத்துக்குக் கிடைத்த மிக உயர்ந்த மார்க். அதுவரை குறுகிய வட்டத்துக்குள் பேசப்பட்ட சிண்டி லீ, ஒரே வாரத்தில் இண்டி ராக் உலகின் பேச்சானார். கச்சேரி டிக்கெட்டுகளுக்கு அடிதடி. கவனம் இப்படிக் கொட்டினால் கலைஞர் குஷியாகத்தானே இருக்க வேண்டும்? ஃப்ளெகல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் மீதிக் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டார். ஆல்பம் கனடாவின் போலாரிஸ் இசை விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது.

இதில் 9.1 என்ற எண்ணுக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால், அந்த எண்ணை மட்டும் பார்த்தவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார். 60-களின் பெண்கள் குழுக்களின் பாட்டு, பழைய ரேடியோ இரைச்சல், கிட்டார் எல்லாம் இதில் எப்படிக் கலந்திருக்கிறது, ஏன் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முதலில் பொறுமையாகக் கேட்டு எழுதியதால்தான் பலர் அந்த லிங்க்கை கிளிக் பண்ணினார்கள். அந்த ‘யாரோ ஒருவர்’ யூடியூபராகவும் இருக்கலாம். 2009-ல் இருந்து ‘தி நீடில் டிராப்’ சேனல் நடத்தும் ஆண்டனி ஃபேன்டானோ மார்க் சொல்லும் முன்பே, அவர் போட்டிருக்கும் சட்டை நிறத்தைப் பார்த்து ரசிகர்கள் முடிவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை என்றால் ஆல்பம் சூப்பர். சிவப்பு என்றால் அவ்வளவுதான், முடிஞ்சுது.

‘டைமண்ட் ஜூபிலி’யைக் கேட்க நினைப்பவர்கள் முதல் பத்து நிமிடத்தில் ஸ்கிப் பண்ண வேண்டாம். ஒலிப்பதிவு மங்கலாக இருக்கிறதே என்று போனையோ இயர்போனையோ சந்தேகப்படவும் வேண்டாம், அது அப்படித்தான் பதிவு செய்யப்பட்டிருக்கிறது.